நசுங்காத எலுமிச்சம்பழங்கள்

ஆவணி 9, ஞாயிறு இரவு

என் வீட்டுக்காரருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இன்று ஓடிவிட்டது. நெஞ்சு ஆபரேஷனுக்கு முந்தின நாள் கொட்டகைக்குள் விட்டவர், பதினோரு வருஷமாக அதைத் தொடவேயில்லை. விற்கவும் விடவில்லை.

மெக்கானிக் இசக்கி இரண்டு மாதமாக மல்லுக்கட்டினான். சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. இன்று காலை நாலாவது தடவை சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உறுமியது. இவர் கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டு, "நீயே எடு" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் ஏறினேன். எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே இவர்தானே.

இசக்கி முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டினான். நான் கியரைப் போட்டேன். கார் பின்னால் போனது. சுவரைப் பார்த்து நிறுத்திய கார் வேறு எப்படி வெளியே வரும்?

"யக்கா, பழம் அப்படியே கெடக்கே" என்றான் இசக்கி.

"மூணு பேரு இருக்கோம், ஒருத்தருக்கும் தோணலையே வே" என்று இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கொக்கிரகுளம் பாலம் வரை போனோம். ஆற்றுக்காற்று முகத்தில் அடித்தது. திரும்பும்போது இவர் பைய, "நாளைக்கு நான் ஓட்டுதேன்" என்றார்.

காதில் விழாதது போல ஓட்டினேன்.

காரைப் பழையபடி சுவரைப் பார்த்தே விட்டிருக்கிறேன். பழம் இரண்டும் அடுக்களையில் பத்திரமாக இருக்கின்றன. நாளை அவற்றைப் பின்சக்கரங்களுக்குப் பின்னால் வைக்க வேண்டும்.