மாடிச் சுவரில் காயும் செல்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம். விரலில் சின்னச் சூட்டுக் காயம், ஆறிவிட்டது.

ஏசி காற்று போகும் பெரிய குழாய்க்குள் ஊர்ந்து தூசி எடுக்கும்போது டார்ச் மங்கியது. தீர்ந்த இரண்டு லித்தியம் செல்களில் ஒன்றை மட்டும் மாற்றி, சார்ஜ் ஏற்றியதைப் போட்டேன். வீட்டில் நாம் செய்வதுதானே. கொஞ்ச நேரத்தில் டார்ச் கையில் பிடிக்க முடியாமல் கொதித்தது. அணைத்துவிட்டு வெளியே வந்தேன். சார்ஜ் ஏறியதும் தீர்ந்ததும் சேர்ந்தால் அப்படித்தானாம்.

"என்னப்பா, உள்ள சமையலா?" என்றார் கூட்டாளி. சிரித்துவிட்டேன்.

நீங்கள் தண்ணீர் வால்வு திறக்கக் கொண்டுபோகும் டார்ச்சிலும் இதே செல்தான். ஆபத்து என்றால் தானாக நின்றுகொள்ளும் அமைப்பு இதற்குள் கிடையாது. ரேடியோ செல்லைப் போல இதையும் நீங்கள் மாடிச் சுவரில் காயவைப்பதாக அம்மா சொன்னார். வேண்டாம் அப்பா, வெடிக்கும். வெயிலில் கிடந்ததை இனிப் போடவும் வேண்டாம். ஒன்றாக வாங்கிய ஜோடியை ஒன்றாகவே சார்ஜ் ஏற்றி ஒன்றாகவே போடுங்கள். வெளிச்சம் மங்கினால் உடனே அணையுங்கள். சார்ஜ் ஏறும்போது தூங்காதீர்கள். மேலுறை கிழிந்ததைத் தொடவே வேண்டாம்.

போனில் சொன்னால் "சரிடா, சரிடா" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பழைய போர்வையை அம்மாவிடம் அனுப்பச் சொல்லுங்கள். துவைக்க வேண்டாம், வீட்டு வாசனை போய்விடும். இங்கே கடையில் போர்வை கிடைக்கிறது, இருந்தாலும் அதுதான் வேண்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. சுவரில் செல் இல்லை என்று அம்மா சொல்லும்வரை தினமும் கூப்பிடுவேன். அதற்குப் பிறகும் கூப்பிடுவேன்.

உங்கள் மகன்