பேரியம் குடித்த மதினிக்கு

மதினி,

இன்று காலையில் பட்டாசுக் கம்பெனி கேட்டில் புது நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சோதனைக்கு ஆட்கள் வரப்போகிறார்களாம். போர்மேன் எங்களை வரிசையாக நிறுத்தி வைத்து, பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி சொல்லிக் கொடுப்பது போல, "பேரியம் எங்கயும் கண்ணுல படக் கூடாது. பழைய டப்பா, பழைய சாக்கு எதுவும் இருக்கக் கூடாது, தெரியுதா?" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாக்கெட் போடுகிற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அவளுக்கு அவ மதினி ஞாபகம் வந்துருச்சு" என்றாள் ஒருத்தி. உடனே வரிசையே சிரித்தது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இன்னும் எம். புதுப்பட்டியில் பேரியம் என்றால் உங்கள் ஞாபகம்தான்.

ஊர் சொல்லும் கதை சின்னக் கதை. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருத்தி, நாத்தனார் மகளுக்கு எக்ஸ்ரே எடுக்க மதுரைக்குப் போனாள். பிள்ளை பேரியம் குடிக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். பட்டாசு மருந்தையா பிள்ளைக்கு ஊத்துறீக என்று பதறி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியே வந்துவிட்டாள். கம்பெனி வேனில், கல்யாண வீட்டில், சடங்கு வீட்டில் எங்கே சொன்னாலும் சிரிப்பார்கள். நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு மட்டும் சிரித்து முடித்ததும் எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. காரணம் நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அதில் நீங்களும் இல்லை இப்போது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாம் ஒன்றும் ஒட்டி உறவாடியவர்கள் இல்லை. அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என் குழம்பில் உங்களுக்கு உப்பு குறைவு, உங்கள் பேச்சில் எனக்குக் காரம் அதிகம். நான் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள் என்பதால் தப்பிக்கவும் வழியில்லை. ஒரே தெரு, ஒரே கம்பெனி, ஒரே வேன். வேனில் ஜன்னலோர இடத்துக்காக இரண்டு வாரம் பேசாமல் இருந்திருக்கிறோம். ஆனால் என் மகள் தர்ஷினி விஷயத்தில் மட்டும் உங்களுக்குச் சண்டை மறந்துவிடும். அவள் பேர் உங்கள் வாயில் நுழையவே இல்லை. கடைசிவரை "தச்சினி"தான்.

அவளுக்கு அப்போது ஆறு வயது. சாப்பிட உட்காருவாள். நாலு வாய் உள்ளே போகும். அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பாள். நெஞ்சைத் தடவிக்கொள்வாள். திடீரென்று எழுந்து பின்வாசலுக்கு ஓடுவாள். எல்லாம் வெளியே வந்துவிடும். வாயைக் கழுவிவிட்டு, தப்பு செய்தவள் மாதிரி மறுபடி தட்டுக்கு முன்னால் வந்து உட்காருவாள். தினமும் இதே கதைதான். போன வருஷத்துப் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது.

நான் கூட்டிக்கொண்டு போகாத இடமில்லை. சிவகாசியில் ஒரு டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். இன்னொருவர் வாந்தி நிற்க டானிக் எழுதினார். மற்றொருவர், "செல்லம் குடுத்து வச்சிருக்கீங்க, பசிச்சா தானா சாப்பிடுவா" என்றார். இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். நாரணாபுரத்தில் தொக்கம் எடுக்கிறவரிடம் போனோம். அவர் பிள்ளையின் தொண்டையில் சிக்கியிருந்தது என்று பஞ்சு மாதிரி எதையோ எடுத்துக் காட்டினார். "எங்கன இருந்து எடுத்தாரு, தொண்டையில இருந்தா, மடியில இருந்தா?" என்று வழியெல்லாம் கேட்டு என் வாயைக் கிண்டினீர்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. எதையாவது நம்பித்தானே ஆகவேண்டியிருந்தது.

ஒரு நாள் காலையில் வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. இட்லியை ஊட்டி முடித்தேன், அத்தனையும் கக்கிவிட்டாள். நான் அடித்துவிட்டேன், மதினி. முதுகில் ஓங்கி அடித்தேன். நீங்கள் வேனுக்குப் போகிற வழியில் வாசலில் நின்று அதைப் பார்த்தீர்கள். கத்துவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் பிள்ளையின் வாயைத் துடைத்து, பள்ளிக்கூடப் பையை மாட்டிவிட்டுப் போனீர்கள். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்களே வந்து பிள்ளை சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள். அவள் பின்வாசலுக்கு ஓடியதும் பின்னாலேயே போனீர்கள். நான் மண்ணைப் போட்டு மூட முறத்தோடு வந்தேன். "பொறுட்டி" என்று தடுத்துவிட்டு, குனிந்து மோந்து பார்த்தீர்கள். முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை.

"ஏட்டி, இது வாந்தி இல்லட்டி."

"பின்ன என்ன மதினி?"

"வாந்தின்னா புளிச்ச வாடை வரணும்லா? இங்கன பாரு, சோறு போன மாதிரியே கெடக்கு. இது வயித்துக்குப் போகவே இல்ல. வெடிக் குழாயில மருந்து எறங்காம பாதியில அடைச்சு நிக்கும்ல, அந்த மாதிரி எங்கனயோ நிக்குது."

எந்த டாக்டரிடம் போனாலும் வாசலிலேயே வாந்தி, வாந்தி என்றுதான் நான் சொன்னேன். அவர்களும் வயிற்றைத்தான் அமுக்கிப் பார்த்தார்கள். ஒரு வருஷமாக அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தவறான கதவையே தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வயது டாக்டரம்மா. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள், சோறு போன மாதிரியே திரும்பி வருவதைச் சொன்னீர்கள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு உங்கள் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்கிறாளா என்று கேட்டார். காலையில் தலையணை நனைந்திருக்கிறதா, படுத்தால் இருமுகிறாளா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றோம். சீட்டு எழுதிக் கொடுத்து எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்கு அனுப்பினார். முதல் தடவையாக ஒருவர் சரியான கேள்வி கேட்கிறார் என்று எனக்கு அழுகை வந்தது.

எக்ஸ்ரே கவுண்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "பேரியம் மருந்து கலக்கிக் குடுப்போம், பிள்ளை குடிக்கணும்" என்றார்.

அவருக்கு அது தினமும் சொல்கிற வாக்கியம். நம் ஊரில் மருந்து என்றால் காய்ச்சலுக்குக் கொடுப்பதா? அதற்கு மாத்திரை, டானிக், ஊசி என்று வேறு வேறு பேர் இருக்கிறது. மருந்து என்றால் மருந்து அறையில் இருப்பது, பட்டாசுக்குள் போவது. மருந்து தீப்பிடித்துக்கொண்டது என்று யாராவது ஓடி வந்து சொன்னால், எந்த வீட்டு ஆள் என்று கேட்டுத்தான் நாம் மூச்சே விடுவோம். அதிலும் பேரியம் மருந்து! பச்சை வெளிச்சத்துக்குப் போடுகிற உப்பு. அதை விஷம் என்று சொல்லித்தான் கோர்ட்டில் தடை போட்டார்கள். அதனால்தான் கம்பெனிகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. நாம் இரண்டு பேரும் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து இன்னும் அதிகமாகச் சண்டை போட்டோம்.

எக்ஸ்ரே எடுக்காமலே பஸ் ஏறினோம். விருதுநகரில் பஸ் மாறும்போது பரோட்டாக் கடை வாசனைக்குப் பிள்ளை ஏங்கிப் பார்த்தாள். ஒன்று வாங்கிப் பிய்த்துக் கொடுத்தீர்கள். இரண்டாவது வாயிலேயே நின்றுவிட்டது. அவளே கேரி பையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். ஆறு வயதுப் பிள்ளை எங்கே போனாலும் கையில் ஒரு கேரி பை வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள்.

வீட்டு வாசலில் அண்ணனும் என் வீட்டுக்காரரும் நின்றிருந்தார்கள். "ஏன் எடுக்காம வந்தீக?" என்று கேட்டார்கள். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "பேரியமாம்! காத்துக்கே ஆகாதுன்னு தடை போட்டத எம் பிள்ள வயித்துக்குள்ள ஊத்தப் போறாகளாம். நான்தான் தூக்கிட்டு வந்துட்டேன். என்ன செய்யணுமோ செஞ்சுக்கோங்க" என்றீர்கள். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அங்கே பிறந்ததுதான் அந்தக் கதை.

மூன்று வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு விட்டால் நெஞ்சில் கரகரவென்று சத்தம். சிவகாசியில் படுக்க வைத்து ஊசி போட்டார்கள். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிச் சளி கட்டியிருக்கிறது, இனிமேலும் தள்ளிப் போட்டால் பிள்ளை தாங்க மாட்டாள் என்று நர்ஸம்மா முகத்துக்கு நேராகச் சொன்னார்.

மறுநாள் டீ குடிக்கிற நேரத்தில் போர்மேனை மடக்கிப் பிடித்து, பேரியத்தைக் குடிக்கலாமா என்று கேட்டீர்கள். அவர் சிரித்தாராம். "அக்கா, அது வேற பேரியம், இது வேற பேரியம். நம்மளுது தண்ணியில கரையும், அதான் விஷம். அது கரையவே கரையாது. போன மாதிரியே வெளிய வந்துரும்" என்றாராம். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும் நீங்கள் வந்து, "நாளைக்கு மதுரைக்குப் போறோம்" என்றீர்கள்.

"போர்மேன் சொன்னத நம்பியா போகச் சொல்றீக?" என்றேன்.

"நீ யாரையும் நம்ப வேண்டாம். வந்து பாரு."

அதே கவுண்டர், அதே ஆள். வெள்ளையாகச் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒரு டம்ளரில் கலக்கி எடுத்து வந்தார். நீங்கள் எழுந்து நின்று, "முதல்ல எனக்குக் கொஞ்சம் ஊத்துங்க" என்றீர்கள். அவருக்குப் புரியவில்லை. "உங்களுக்கு எதுக்கும்மா?" என்றார். "நான் குடிச்சு அரை மணி நேரம் இங்கன உக்காருவேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா பிள்ளைக்குக் குடுங்க." அவர் அதெல்லாம் முடியாது என்றார், அப்புறம் திட்டினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நீங்கள் நகரவில்லை. கடைசியில் அலுத்துப்போய் ஒரு சின்னக் கப்பில் ஊற்றிக் கொடுத்தார். சாமியைக் கும்பிட்டுவிட்டு ஒரே மடக்கில் குடித்தீர்கள். மேலுதட்டில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது.

"அத்தைக்கு மீச" என்று தர்ஷினி சிரித்தாள். எத்தனை மாதம் கழித்துக் கேட்ட சிரிப்பு! பெஞ்சில் உட்கார்ந்து அரை மணி நேரமும் அந்த மீசையைத் துடைக்காமலே இருந்தீர்கள். முடிந்ததும் அவளே டம்ளருக்குக் கையை நீட்டினாள். அவளுக்கும் மீசை வேண்டுமாம்.

படத்தில் எல்லாம் தெரிந்தது. உணவுக்குழாயில் அந்த வெள்ளை இறங்கிப் போய், வயிற்றுக்கு மேலே பை மாதிரி தேங்கி நின்றது. அதற்குக் கீழே நூல் மாதிரி ஒரு கோடு. வயிற்றுக்குப் போகிற வாசல் திறக்காமல் இறுகிக் கிடக்கிறது, பிள்ளையின் அடமில்லை, பெற்றவள் தப்புமில்லை என்றார் டாக்டரம்மா. நோய்க்கு வாயில் நுழையாத ஒரு பேர் சொன்னார். சின்னத் துளை போட்டு ஆபரேஷன் செய்தார்கள்.

வீட்டுக்கு வந்து முதல் முதலாகக் குழைந்த தயிர்ச்சோறு கொடுத்தபோது குடும்பமே சுற்றி நின்று அவள் வாயையே பார்த்தது. "பிள்ள சாப்புடுறத என்ன வேடிக்கை பாக்கீக? எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க" என்று அதட்டினீர்கள். அண்ணன் உட்பட எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றோம். கிண்ணத்தில் கரண்டி தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் வழிக்கிற சத்தமும் கேட்டது. அழுததை யாருக்கும் காட்டாமல் இருக்க எனக்கு அந்தச் சுவர் வசதியாக இருந்தது.

போன ஆடியில், வேலையிலிருந்து வந்து குளித்துவிட்டு நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தீர்கள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்களைக் கிடத்தியிருந்த வீட்டிலும் யாரோ அந்தக் கதையை எடுத்தார்கள். அழுதுகொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து நானும் சிரித்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

நாளைக்கு வேனில் எல்லோரிடமும் சொல்லப் போகிறேன். அண்ணனிடமும் சொல்வேன். முதலில் சொல்ல வேண்டியது தர்ஷினியிடம் என்று தோன்றியது. பன்னிரண்டு வயதாகிவிட்டது அவளுக்கு. இன்று சாயங்காலம் தட்டில் சோற்றோடு உட்கார்ந்திருந்தவளிடம் சொன்னேன்.

"அன்னைக்கு மதுரையில உன்னத் தூக்கிக்கிட்டு ஓடுனது அத்தை இல்லட்டி. நான்தான். பேரியம்னு காதுல விழுந்ததும் உன்ன இடுப்புல வச்சுக்கிட்டு ரோட்டுக்கு ஓடிட்டேன். 'நில்லுட்டி, கேட்டுட்டுப் போவோம், நில்லுட்டி'ன்னு கத்திக்கிட்டே அத்தை பையத் தூக்கிட்டு எம் பின்னால வந்தாக. வீட்டுல உங்க அப்பா கேட்டதும், பெத்தவளுக்கு வசவு விழக் கூடாதுன்னு பழிய அவுக வாங்கிக்கிட்டாக."

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப அத்தைக்குப் பயமே இல்லையா? பெறகு எதுக்கு மொதல்ல அவுக குடிச்சாக?"

ஆறு வருஷமாக நான் என்னிடம் கேட்காத கேள்வி, மதினி. அந்த பெஞ்சு கண்ணுக்கு முன்னால் வந்தது. மடியில் பிள்ளை, உதட்டில் வெள்ளை. அந்த அரை மணி நேரமும் நீங்கள் பிள்ளையையும் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"எனக்காகத்தான்" என்றேன்.