மெசினில் வடியாமல் நின்ற தண்ணீர்

என் உயிரான மச்சானுக்கு,

உங்களுக்கு என் ஸலாம். அல்லாஹ் உங்கள் கப்றைக் குளிர்ச்சியாக்கி வைக்கட்டும். இங்கே நான் சரியாக இல்லை. நேற்று லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒரு விஷயம் தெரியவந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? எதையும் முதலில் உங்களிடம் சொல்லித்தானே எனக்குப் பழக்கம். மற்றவர்கள் கேட்டால் கேட்கட்டும், நான் உங்களோடுதான் கதைக்கிறேன்.

உங்கள் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்துவிட்டது. நாலு மாதம் பத்து நாள் முடியும்வரை நான் இத்தாவில்தான் இருக்கிறேன். வெள்ளைச் சேலை, வீட்டின் பின்பக்கம், கதவுக்கும் ஜன்னலுக்கும் சீலைத் திரை. அந்நிய ஆண் யாரும் என்னைப் பார்க்கக் கூடாது. வாயாடியைக் கட்டினேன் என்று கல்முனை முழுக்கச் சொல்லித் திரிந்தீர்களே, இப்போது வந்து பாருங்கள், நாள் முழுக்கச் சுவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் உங்கள் செல்ல மெசினைப் பற்றியது. இங்கினியாகலையில் அணை கட்ட வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன அந்த உடுப்புக் கழுவும் மெசின். மாட்டு வண்டியில் வைக்கோல் மெத்தை போட்டு, புதுப்பெண்ணை அழைத்து வருவதுபோல அதைக் கொண்டுவந்தீர்கள். “செயினம்பு, இனி நீ கிணத்தடியில குனியத் தேவல்ல” என்றீர்கள். உங்கள் கூட்டாளிகள் உங்களுக்கு உடுப்புக் கழுவுற முதலாளி என்று பட்டம் வைத்தார்கள். உங்களுக்கு அதிலும் பெருமைதான்.

பக்கத்திலேயே நம் நெல்லுமில் இருந்ததால் மதிலுக்கு மேலால் வயர் இழுத்துக் கொடுத்தீர்கள். மில் எஞ்சின் ஓடினால் வீட்டுக்குக் கரண்ட், எஞ்சின் நின்றால் ஒன்றுமில்லை. பாங்கு சொன்னதும் எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லோரும் பள்ளிக்குப் போவார்கள். தொழுதுவிட்டு வந்து மறுபடி ஓட்டுவார்கள். நம் வீட்டில் கரண்டுக்கும் ஐவேளைத் தொழுகை என்று நான் பகிடி பண்ணுவேன்.

நீங்கள் போன அன்றைக்கும் பின்னேரம் அஸர் பாங்கோடு எஞ்சின் நின்றது. மெசினுக்குள் நீங்கள் மில்லில் உடுத்தும் சாரன்கள் பாதி கழுவினபடி கிடந்தன. எஞ்சின் வருவதற்குள் அழுக்குத் தண்ணீரை வடித்துவிடலாம் என்று ஹோஸைத் தரையில் இறக்கினீர்கள். கொஞ்சம் ஒழுகியது, பிறகு நின்றுவிட்டது. வீட்டிலேயே தொழுதுவிட்டு வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தீர்கள். நான் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனேன்.

எஞ்சின் சத்தம் கேட்டது. கூடவே ஏதோ விழுந்த சத்தமும். ஓடி வந்தால் மெசின் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது, நீங்கள் சீமெந்துத் தரையில் கிடந்தீர்கள். நான் போட்ட சத்தத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு மில்லில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். உங்கள் வாப்பாவும் இப்படித்தான் திடீரென்று போனவர் என்பதால் மாரடைப்பு என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன். மறுநாள் காலையிலேயே அடக்கியும் விட்டார்கள்.

அதோடு மில்லைப் பூட்டினார்கள். என் உம்மா சாரன்களை அள்ளிக் கிணற்றடியில் அலசிப் போட்டா. தண்ணீர் மட்டும் மெசினிலேயே நின்றது. நுளம்பு பெருகி, நாற்றம் கிளம்பி, இந்தச் சனியனைத் தூக்கி எறி என்று உம்மா ஏசத் தொடங்கிவிட்டா. நீங்கள் ஆசையாகக் கொண்டுவந்ததை எப்படி எறிவேன்? நாளைக்கு மில்லைத் திறப்பதாகப் பேச்சு இருந்தது. அதற்கு முன் இதைச் சரிபண்ணிவிடலாம் என்று, எஞ்சின் ஓட்டும் உங்கள் கூட்டாளி ஆதம்பாவா காக்காவுக்குச் சொல்லியனுப்பினேன்.

காக்கா உள்ளே வர முடியாதே. திரைக்கு அந்தப் பக்கம் முற்றத்தில் அவர், இந்தப் பக்கம் மெசினோடு நானும் உம்மாவும்.

“தங்கச்சி, ஹோஸ் நல்லாக் கீழ இறங்கிக் கிடக்கா?”

“ஓம் காக்கா, தரையிலதான் கிடக்கு.”

“எங்கயும் மடிஞ்சி கிடக்கா பாருங்க.”

“இல்ல. உருவிப் பாத்திட்டன்.”

“அப்ப வாய வெச்சி ஊதுங்க.”

கன்னம் வலிக்க ஊதினேன். தண்ணீரில் குமிழி வந்தது, வேறொன்றும் வரவில்லை. எனக்கே சிரிப்பு வந்தது மச்சான். நீங்கள் போன பிறகு முதல் சிரிப்பு அதுதான்.

“அப்ப அடைப்பு தொட்டிக்குள்ளதான். நடுவுல சுத்துற துடுப்பு இரிக்கில்லே, அதத் திருகித் தூக்கினா அடியில ஓட்டைத் தகடு ஒண்டு இரிக்கும். அதிலதான் குப்பை பிடிச்சிரிக்கும். கைய உட்டுத் தோண்டி எடுக்கணும்.”

நான் சேலையை இடுப்பில் செருகினேன்.

“பொறுங்க தங்கச்சி. வயரக் கழட்டியாச்சா?”

“அதென்னத்துக்கு காக்கா? எஞ்சின்தான் ஓடல்லியே.”

திரைக்கு வெளியே நின்று அந்த மனுசன் கத்தினாரே ஒரு கத்தல்! “கைய எடுங்க தங்கச்சி! தள்ளி நில்லுங்க!” உம்மா பயந்துபோய் என்னை இழுத்துவிட்டா. வயரைக் கழற்றச் சொல்லி, கழற்றியாகிவிட்டது என்று உம்மாவும் சொன்ன பிறகுதான் காக்கா வாய் திறந்தார்.

“தங்கச்சி, அண்டைக்கும் வயர் இப்பிடித்தான் மெசினில மாட்டிக் கிடந்ததா?”

“ஓம். அதுக்குப் பிறகு ஆரும் தொடல்ல.”

“நீங்க வரக்குள்ள மெசின்?”

“சுத்திக்கிட்டு இரிந்திச்சி.”

சொல்லிக்கொண்டே கழற்றிய வயரை இன்னும் தள்ளி வைத்தேன். காக்காவின் குரல் உடைந்துபோயிருந்தது.

“மையித்தக் குளிப்பாட்டினதில நானும் ஒராள் தங்கச்சி. வலக்கை விரலெல்லாம் கறுத்திரிந்திச்சி. எஞ்சின் ஒயில் எண்டு நினைச்சி, சவுக்காரம் போட்டுத் தேச்சன். போகல்ல. பள்ளியால வந்து எஞ்சின ஸ்டாட் பண்ணினது நான்தானே தங்கச்சி. எண்ட கையாலதானே. எனக்கு மாப்புத் தாங்க.”

மாரடைப்பு இல்லையா மச்சான்? கரண்டா? அடுப்பை ஊதிக்கொண்டு நான் குசினியில் நின்ற நேரத்தில், நாலு எட்டுத் தூரத்தில், இதுதான் நடந்ததா? என்னைக் கூப்பிட நினைத்தீர்களா? அதற்காவது நேரம் கிடைத்ததா?

காக்கா என் பதிலுக்குக் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார். மில் சாவியைப் படியில் வைத்துவிட்டுப் போனதை உம்மா பிறகுதான் கண்டா. இன்று காலை அவருடைய பெண்சாதி வந்து அழுதா. மனுசன் சோறு தண்ணி இல்லாமல் கடற்கரையில் குந்திக்கொண்டிருக்கிறாராம். நான் ஒரு மனுசனைக் கொன்றவன், இனி அந்த எஞ்சினைத் தொடமாட்டேன் என்கிறாராம். “நீங்க ஒரு சொல் சொன்னாத்தான் அவர் மனுசனா எழும்புவார் ராத்தா” என்றா. அவவுக்கும் நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும்?

அவ போன பிறகு மெசினிடம் போனேன். வயர் கழன்று கிடக்கிறதா என்று மீண்டும் மீண்டும் பார்த்துவிட்டுத் துடுப்பைத் திருகித் தூக்கினேன். தகட்டை அடைத்துக்கொண்டு ஊறிய உமியும் சாரன் நூலும். ஒரு பிடிகூட இல்லை. அதை எடுத்ததும் தண்ணீர் மளமளவென்று இறங்கி வாழையடிக்கு ஓடியது. இவ்வளவுதானா என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மாரடைப்பென்று நம்பி அழுததெல்லாம் போதாதென்று மறுபடி முதலிலிருந்து அழவேண்டியிருக்கிறது.

முதலில் உங்கள் மேல்தான் கோபம் வந்தது. வயரைக் கழற்ற எவ்வளவு நேரம் எடுக்கும்? பிறகு காக்கா மேல் வந்தது. எஞ்சினை ஓட்டுமுன் மதிலுக்கு மேலால் ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா? ஆனால் எஞ்சின்தான் ஓடல்லியே என்று நேற்று நானும் சொன்னேன் மச்சான். நீங்கள் நினைத்ததையேதான் நானும் நினைத்தேன். காக்கா கத்தியிருக்காவிட்டால் என்றைக்காவது எஞ்சின் ஓடத் தொடங்கும் நேரத்தில் நானும் தண்ணீருக்குள் கையை விட்டிருப்பேன். அவருக்குத் தெரிந்திருந்தால் உங்களுக்கும் அப்படித்தானே கத்தியிருப்பார்?

ஆகவே ஒரு முடிவெடுத்துவிட்டேன். விடிந்ததும் உம்மாவை அனுப்பிக் காக்காவைத் திரையடிக்குக் கூப்பிடுவேன். “மாப்புக் கேக்க ஒண்டுமில்ல காக்கா. எண்ட உசிரு உங்களாலதான் நிக்கிது. சாவிய எடுங்க, எஞ்சின ஸ்டாட் பண்ணுங்க” என்று என் வாயாலேயே சொல்வேன். அந்தச் சத்தம் இனி எனக்கு எப்படிக் கேட்கும் என்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். ஆனால் அது கேட்கும்போது நான் காதைப் பொத்தமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மாமி மகள்,
உங்கள் வாயாடி,
செயினம்பு