இடப்பக்கத்து மூன்றாம் பலகை

சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியும் கையிலிருந்து தார் மணம் போகவில்லை. இன்று காலை தேநீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோனபோது அந்த மணம்தான் முதலில் மூக்கில் ஏறியது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இந்த வைகாசிவரை பன்னிரண்டு வருடமாக நான் தாரைத் தொடவில்லை. அது உமக்குத் தெரியும். தொடவிடாமல் செய்தவர் நீர்தான்.

நீர் மாசி மாதம் இறந்தீர். செத்தவீட்டுக்கு நான் வரவில்லை. என் ஊர்காவற்றுறையிலிருந்து உம்முடைய சரவணைக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கும்? மனைவி மேரி வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வாறீங்களோ இல்லையோ?" என்று கேட்டாள். "நீ போட்டு வா" என்றேன். அவள் போய்வந்தாள். ஆர் வந்தது, ஆர் அழுதது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வைகாசி பிறந்ததும் உம்முடைய மகள் சுகந்தி என் வீட்டுக்கு வந்தாள். இப்போது வேலணையில் படிப்பிக்கிறாள். சைக்கிளைச் சாத்திவிட்டு முற்றத்திலேயே நின்று சொன்னாள்.

"மாமா, அப்பான்ர படகு கரையில ஏத்திக் கிடக்குது. நயினாதீவுக் கொடியேற்றத்துக்கு முதல் தயார்படுத்த வேணும். ஓட்டுறதுக்கு ஆள் இருக்கு. வேலை செய்யத்தான் நம்பிக்கையான ஆள் இல்லை."

என்னைப் பார்த்து நம்பிக்கையான ஆள் என்று ஒருவர் சொல்லிப் பன்னிரண்டு வருடம். அவள் முகத்தில் உம்முடைய நெற்றி இருந்தது. ஏலாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நாளைக்கு வாறன் பிள்ளை" என்று வந்தது.

சுருவில் கரையில், நாங்கள் இருவரும் படகை இழுத்து ஏற்றிய அதே இடத்தில்தான் அது கிடந்தது. இது நீர் பிறகு கட்டிய படகு. எங்கள் இருவருக்கும் சொந்தமாக இருந்ததைவிட நீளம். அடியில் கொட்டலசுச் சிப்பி கல்லுக் கல்லாக ஒட்டியிருந்தது. சுரண்ட இரண்டு நாள் பிடித்தது. பிறகு ஊசியை எடுத்து ஒவ்வொரு பலகையாகக் குத்திப் பார்த்தேன். நல்ல பலகையில் ஊசி நுனிகூட இறங்காது. இற்ற பலகையில் வெண்ணெயில் போவதுபோல் போகும். உம்முடைய படகில் எங்கும் இறங்கவில்லை. ஒவ்வொரு வருடமும் கவனமாகப் பார்த்து வைத்திருக்கிறீர். அதைக் கண்டதும் எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? இந்தக் கவனம் அந்த வருடம் எங்கே போயிருந்தது?

அந்த வருடத்தைப் பற்றி நாம் இருவரும் ஒருநாளும் பேசவில்லை. ஆகவே இப்போது நான் பேசுகிறேன். நீர் கேளும்.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு ஆட்களை ஏற்றும் படகு எங்களுடையது. எட்டு வருடம் சேர்ந்து ஓடினோம். அம்மன் திருவிழாவுக்கு முன் கரையில் ஏற்றி, இடுக்குகளில் நூல் திணித்து, தார் பூசி, வர்ணம் அடித்து, அதிகாரிகளுக்குக் காட்டி அனுமதி எடுப்போம். நான் வேதக்காரன், நீர் சைவம். திருவிழாப் பதினைந்து நாளும் மீன் சாப்பிடாமல் நானும் உம்மோடு விரதம் இருப்பேன். "உம்மட மாதா கோவிக்கப் போறா" என்று நீர் சிரிப்பீர். உம்முடைய மனைவி எனக்கும் சேர்த்துச் சோறு கட்டிவிடுவா.

அந்த வருடம் இடப்பக்கத்தில், அடியிலிருந்து மூன்றாம் பலகையில் ஊசி முழுதாக இறங்கியது. நீரும் பார்த்தீர். உம்முடைய விரலையே உள்ளே விட்டுப் பார்த்தீர்.

"மாத்த வேணும்" என்றேன்.

"மாத்தினால் ஒரு கிழமை போகும். கொடியேற்றத்துக்கு நிக்காட்டி எங்கட முறையை வேற படகுக்குக் குடுத்திடுவாங்கள். திருவிழா முடியட்டும் காணும், மாத்துவம்."

"அவ்வளவு சனத்தை ஏத்திக்கொண்டு ஏலாது."

நீர் ஒன்றும் பேசவில்லை. சம்மதம் என்று நினைத்தேன். அடுத்தநாள் விடிய யாழ்ப்பாணம் போய், மரக்காலைகளில் அலைந்து, நல்ல இலுப்பைப் பலகை ஒன்று வாங்கி, லொறியில் போட்டுக்கொண்டு பின்னேரம் வந்து இறங்கினேன். படகு நீலமும் வெள்ளையுமாக மினுங்கிக்கொண்டு நின்றது. இற்ற இடத்தில் சாக்கை அடைத்து, தாரை ஊற்றி, மேலே வர்ணம் அடித்திருந்தீர். நான் பலகையோடு நின்றேன். நீர் தூரிகையைக் கழுவிக்கொண்டே, "கொண்டு வந்திட்டீர்தானே, உள்ளுக்கை இருக்கிறதுக்கு ஒரு வாங்கு அடிப்பம்" என்றீர்.

அடித்தீர். அடியில் இருக்க வேண்டிய பலகையில் சனம் இருந்து போனது.

தேர்த்திருவிழா அன்று காலை நீர் குறிகட்டுவான் துறையில் நின்று ஆட்களை ஏற்றினீர். நான் சுக்கான் பிடித்தேன். சோளகக் காற்றுக் கடுமையாக அடித்தது. பாதி வழியில், கைப்பிள்ளையோடு இருந்த ஒரு பெண், "ஐயா, கால் நனையுது" என்றா. திரும்பிப் பார்த்தபோது தண்ணீர் கணுக்கால் அளவில் நின்றது. அதன்பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. சனம் ஒரு பக்கமாக எழும்பியது, படகு சரிந்தது. ஆழம் குறைந்த இடமும், பின்னால் வந்த படகுகளும்தான் காப்பாற்றின. எல்லோரும் பிழைத்தார்கள், ஒருவரைத் தவிர. வவுனியாவிலிருந்து நேர்த்திக்கு வந்த ஒரு வயதான அம்மா. தண்ணீரிலிருந்து நான்தான் தூக்கினேன். உயிர் இருந்தது. கரைக்குப் போகும்வரை என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தா. ஆசுப்பத்திரியில் இருதயம் நின்றுவிட்டது.

விசாரணையில் உம்மைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நான் பின்வரிசை வாங்கில் இருந்தேன். நீர் உண்மையைச் சொல்வீர் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. நீர் சொன்னீர்: "மரவேலை எல்லாம் அவரின்ர பொறுப்பு. எனக்கு ஒண்டும் தெரியாது."

எட்டு வருடம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட வாயால் "அவர்" என்றீர்.

என் முறை வந்தபோது நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று நீர் என்றைக்காவது யோசித்தீரோ? உம்மில் இருந்த அன்பு என்று நினைத்திருப்பீர். அப்படி நினைப்பது உமக்குச் சுகமாக இருந்திருக்கும். அது இல்லை. படகை இறக்கிய அன்று, அந்த இடத்தில் நான் கையை மடக்கித் தட்டிப் பார்த்தேன். பொத்தென்று சத்தம் கேட்டது. தெரிந்துகொண்டுதான் ஏறினேன். "எனக்கும் தெரியும்" என்று சொல்லாமல் "அவருக்குத் தெரியும்" என்று சொல்ல எனக்கு வரவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லத் துணிவும் இல்லை. என் படகோட்டும் அனுமதியைப் பறித்தார்கள். என் பெயரைக் கேட்டாலே சனம் அடுத்த படகுக்குப் போனது. நீர் இரண்டு வருடத்தில் புதிய படகு கட்டினீர்.

சந்தையிலும் பஸ் தரிப்பிலும் உம்மைக் கண்டிருக்கிறேன். நீர் தலையைக் குனிந்துகொண்டு போவீர். ஒருமுறை மட்டும் நின்று, "சுகமோ?" என்றீர். நான் காறித் துப்பினேன். நிலத்தில்தான். இப்போதும் அதற்காக நான் வருந்தவில்லை.

ஐந்தாம் நாள் வேலையில், சுகந்தி சாப்பாடு கொண்டு வந்தாள். நான் சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்து கேட்டாள்.

"மாமா, அந்தப் படகு ஏன் தண்ணிக்குள்ளை தாண்டது?"

"கொப்பர் என்ன சொன்னவர்?"

"உங்கட கவனக்குறைவு எண்டு சொன்னவர். ஆனால் அவர் செத்தாப்பிறகு அம்மா வேற மாதிரிச் சொன்னவ. அண்டைக்கு அப்பா ஊத்தின தாரைக் காய்ச்சினது தான்தான் எண்டு சொன்னவ."

கையிலிருந்த தண்ணீர்ச் செம்பை நான் கீழே வைத்தேன். எனக்குச் சோறு கட்டித் தந்த அந்த மனுசிக்கும் தெரிந்திருக்கிறது. அவ்வளவு காலமும்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி இறங்கியது, பலகை வாங்கப் போனது, திரும்பி வந்தது, நான் தட்டிப் பார்த்துவிட்டு ஏறியது. என் பங்கையும் உம்முடைய பங்கையும் குறைக்காமல், கூட்டாமல் சொன்னேன். அவள் அழவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் படகுச் சங்கத்தில இதைச் சொல்லட்டோ?" என்றாள்.

வேண்டாம் பிள்ளை, செத்தவரை விடு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பெரிய மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "சொல்லு" என்றேன்.

சொன்னாள். உம்முடைய படம் சுவரில் மாலையோடு தொங்கிய அந்த மண்டபத்தில் எழுந்து நின்று சொன்னாள். நான் பின்னால் நின்றேன். ஒருவர், "செத்த மனுசனைப் பற்றி இப்ப ஏன் பிள்ளை?" என்றார். இன்னொருவர் டீசல் கதையை எடுத்தார். அவ்வளவுதான். பன்னிரண்டு வருடமாக நான் காத்திருந்த உண்மை டீசல் கதைக்குள் அமிழ்ந்து போனது. வீட்டுக்கு வரும் வழியில் சுகந்தி, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ மாமா" என்றாள். அந்தச் சொல்லை உம்முடைய வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது. பிள்ளையின் வாயிலிருந்து வந்தது எனக்கு ஆறுதலாக இல்லை, வெட்கமாக இருந்தது.

உம்மை மன்னித்துவிட்டேன் என்று எழுத இரண்டு தரம் முயன்று வெட்டிவிட்டேன். பொய் எழுத இந்த வயதில் ஏலாது.

நேற்றுப் படகை இறக்கினோம். சங்கத்து ஆட்கள் வந்து தோள் கொடுத்தார்கள். என்னோடு கதைக்கவில்லை, ஆனால் தள்ளினார்கள். படகு தண்ணீரில் இறங்கி, ஒருமுறை ஆடி, மட்டமாக நின்றது. ஒரு விரற்கடை சரிவும் இல்லை. அவர்கள் போனபின் உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தேன், அடி காய்ந்திருந்தது. புங்குடுதீவிலிருந்து யாரையோ பார்க்க வந்த ஒருவர், என்னையும் உம்மையும் அறியாதவர், கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல வேலை. ஆர் செய்தது?" என்று கேட்டார்.

"நாங்கள்தான்" என்றேன்.

அவர் என்னைச் சுற்றிப் பார்த்தார். பக்கத்தில் ஒருவரும் இல்லை.