மேகத்துக்குள் ஒரு தாய்மாமன்

அக்டோபர் 12
(அச்சில் வியாழன். அடித்துவிட்டு வெள்ளி என்று எழுதியிருக்கிறேன். நம் பிரஸ்ஸில் விற்காமல் தங்கிவிட்ட போன வருட டைரி. பிரஸ் முதலாளிக்கு இந்த வருட டைரி கிடைக்காது, அதுதான் ஊர் வழக்கம்.)

வெயில். தார் ரோட்டில் தோசை வார்க்கலாம். காலண்டருக்குத் தகரப்பட்டை லோடு வரவில்லை. முருகன் படத்தில் மயிலுக்கு நீலம் கூடிவிட்டது. ஆர்டர் கொடுத்த பார்ட்டி கேட்டால், இந்த வருடம் மயிலெல்லாம் இப்படித்தான் என்று சொல்ல வேண்டும்.

சாயங்காலம் திருத்தங்கலில் அக்கா வீடு. அக்கா மகள் மாரிக்கு விமானம் ஓட்ட முதல் லைசென்ஸ் வந்துவிட்டது. இனி ஆள் ஏற்றலாம். சம்பளத்துக்கு ஓட்ட இன்னொரு படிப்பு உண்டாம். அதற்கு மச்சான் தலையாட்ட வேண்டும். மச்சான் பட்டாசு ஆலையில் போர்மேன். உள்ளங்கை அகலத்துக்கு மேகம் திரண்டால் போதும், மின்னல் பட்டுவிடுமென்று பாதி கலந்த வெடிமருந்தைப் பாதியிலேயே வைக்கச் சொல்லி, எல்லாரையும் அறைக்கு வெளியே நிறுத்திவிடுவார். தீபாவளி சீசனிலும் அப்படித்தான். முதலாளி கத்துவார். இவர் வானத்தைப் பார்த்தபடி நிற்பார்.

அவர் தீர்ப்பு: "மொத ஆளாத் தாய்மாமன் ஏறட்டும். நல்லா ஓட்டுதாளான்னு பாத்துட்டு வந்து சொல்லு மாப்ள. நீ சரின்னா மேல படிக்கட்டும். இல்லேன்னா வீட்டோட இருக்கட்டும்."

அக்கா: "இவன் பேச்சையா கேக்கப் போறீக? எலியப் பாத்துட்டு யானைம்பானே!"

மச்சான்: "பத்துல ஒம்பதக் கழிச்சிக்கிடுதேன்."

மாரி என்னைப் பார்த்த பார்வை! அவள் வானம் முழுவதும் என் நாக்கில் தொங்குகிறது. நாக்குக்கே கனம் தாங்கவில்லை.

13, சனி

கொண்டுபோக: எலுமிச்சை 4, திருநீறு, கூலிங்கிளாஸ், முறுக்கு (அக்கா), வேட்டியா பேன்ட்டா? பேன்ட்.
தகரப்பட்டை வந்தது. அளவு தப்பு.
டீக்கடையில் நாளை இமயமலை வரை போவதாகச் சொல்லி வைத்தேன். "வாரப்ப ஐஸ் கொண்டாங்கண்ணே," என்றான் மாஸ்டர்.
ராத்திரி தூறல். தூக்கம் இல்லை.

14, ஞாயிறு

மதுரைக்கு வெளியே மாரி படிக்கும் மைதானம். காலையில் வானம் கழுவித் துடைத்தது போல. விமானம்? எங்கள் பிரஸ்ஸின் கட்டிங் மிஷின் இதைவிடப் பெரிது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்தேன். பயிற்சியாளர் ஓடி வந்தார். "சார், ஓடுதளத்துல குப்பை போடக் கூடாது!" குப்பையாம். நாலையும் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏறினோம். மேலே போனதும் நான் வாயே திறக்கவில்லை. இதை யாரும் நம்ப மாட்டார்கள். சிவகாசிப் பக்கம் ஆலை அறைகள் ஒன்றையொன்று தொடாமல், தீப்பெட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்த மாதிரி. காயப் போட்ட வெடிகள் சிவப்பு சிவப்பாக. மச்சான் ஆலை எது என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கையசைத்தேன்.

திரும்பி, இறங்க வந்தோம். ஓடுதளம் நேர் எதிரே. வேப்பமரத்தில் காக்கை தெரியும் உயரம். (சரி, காக்கை தெரியவில்லை. மரம் தெரிந்தது.) மலைப்பக்கமிருந்து ஒரு மேகம் நழுவி வந்தது. பொசுக்கென்று எல்லாம் வெள்ளை. ஓடுதளம் இல்லை, மரம் இல்லை, பூமி இல்லை. பாலுக்குள் விழுந்த ஈ நான்.

இடது பக்கம் சாய்ந்துகொண்டே போவது எனக்குத் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. "சாயுது மாரி! கவுறப் போவுது!"

"சாயல மாமா. உங்க காதுக்குள்ள இருக்க நிதானம் பொய் சொல்லுது. அந்தா அந்தக் கோட்டப் பாருங்க, நேராத்தான இருக்கு? வாய மூடிட்டு அதையே பாருங்க."

பார்த்தேன். வட்டக் கண்ணாடிக்குள் ஒரு கோடு, சமமாக நிற்கிற தராசுத் தண்டு மாதிரி நேராக. ஊருக்கெல்லாம் புளுகுகிறவன் நான், எனக்கே என் உடம்பு புளுகியது.

இன்னும் கொஞ்சம் இறங்கினால் தரை தெரியும் என்று நினைத்தேன். அவள் இறக்கவில்லை. கையிலிருந்த பிடியை முழுக்கத் தள்ளினாள். இன்ஜின் அலறியது. விமானத்தின் மூக்கு மேலே. ரேடியோவில் ஏதோ சொன்னாள், கடையில் பால் பாக்கெட் கேட்கிற குரலில். நான் அவள் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காது குத்தும்போது என் மடியில் இருந்து அழுதவள். இன்று அழுகை என் முறை.

வெள்ளை கிழிந்தது. வெயில்! சுற்றிச் சுற்றி வந்தோம், மேகம் விலகும் வரை. மறுபடி வந்து, பூவை வைப்பது போல இறக்கினாள்.

இறங்கி முறுக்கு தின்றேன். அக்கா கொடுத்தது அத்தனையும்.

பஸ்ஸில் யோசனை. இதைச் சொன்னால் மச்சான் 'முதல் தடவை இறக்கத் தெரியவில்லை' என்று முடித்துவிடுவார். மேகமே வரவில்லை என்றுவிடலாமா? மாரி சன்னல் பக்கம் திரும்பியபடி சொன்னாள்: "நடந்தத அப்படியே சொல்லிருங்க மாமா. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்." என் வாழ்நாளில் யாரும் கேட்காத உதவி.

15, திங்கள்

வானம் மப்பு போட்டிருக்கிறது. பிரஸ்ஸில் கரன்ட் இல்லை.

அக்கா வீட்டில் சொல்லிவிட்டேன். மேகம் வந்தது, ஒன்றும் தெரியவில்லை, பயந்தேன், இவள் இறக்காமல் மேலே போனாள், பிறகு இறக்கினாள். அவ்வளவே. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்: "ஆத்தி, இவன் இம்புட்டுச் சுருக்கமாச் சொல்லுதான்னா நெசமாவே நடந்திருக்கு!"

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. மாரியைக் கேட்டார்: "எறங்க எம்புட்டு இருந்துச்சு?"

"கொஞ்சந்தாம்ப்பா."

"கொஞ்சந்தானன்னு எறக்கலயா?"

"மேகம் போட்டா வேலையப் பாதியில வச்சிட்டு வெளிய வந்துரணும்லாப்பா."

அடுப்பில் பால் பொங்கியது. யாரும் எழவில்லை.

"ஓட்டச் சொல்லிக்குடுக்குற மாஸ்டர் திட்டலயா?"

"இல்லப்பா. செஞ்சது சரின்னாரு."

"அந்த ஆள எங்க மொதலாளிட்ட ஒரு வார்த்த பேசச் சொல்லு." துண்டை உதறித் தோளில் போட்டார். வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். "நேத்து மேல ஒரு வண்டி போச்சு. நீதானோன்னு பாக்க, மேகமே இல்லாம எல்லாரையும் வெளிய வரச் சொல்லிட்டேன். மொதலாளி கோவத்துல ஆடிட்டாரு." பிறகு, முதுகைக் காட்டியபடியே: "மேல படி."

அக்கா அப்போதுதான் பாலை இறக்க ஓடினாள்.

டீக்கடையில் மேகத்தை ராமேஸ்வரம் வரை நீட்டினேன். இடி, மின்னல், ஒரு கழுகு. நாக்கு பழைய நிலைக்கு வந்துவிட்டது.

16, செவ்வாய்

மப்பு விலகவில்லை. மச்சான் ஆலையில் இன்றும் பாதி நாள்தான். காலண்டர் பார்ட்டி வந்து மயிலைப் பார்த்துவிட்டு நீலம் பிரமாதம் என்றார்!

மத்தியானம் மச்சான் பிரஸ்ஸுக்கு வந்தார். வராத மனிதர். காகிதக்கட்டு மேல் உட்கார்ந்து வெகுநேரம் மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, அந்த வண்டியில சன்னலோர சீட்டு உண்டா?"

"எல்லாமே சன்னலோரந்தான் மச்சான்."

எழுந்து வாசலுக்குப் போய் மேலே பார்த்தார்.

"அப்ப நல்லா வெயிலடிக்கிற நாளாப் பாத்துச் சொல்லு."