மாட்டு வயிற்றுக்கு எந்த மைக், அக்கா?

என் செல்ல அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம். மைக் பெட்டியை நேற்றுத்தான் திறந்தேன். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் நீ கடைசியாகச் சினை பார்த்தாயே, அந்தச் செவலை மாடு மறுபடி சினையாக இருக்கிறது. வயிற்றுக்குள் கன்றின் துடிப்பைப் பதிவு செய்யப் போனேன். உயிர்களின் உள்சத்தம் பிடிப்பது என் பிழைப்பு. எந்த மைக்கை எங்கே வைப்பதென்று சொல்வது மாட்டு டாக்டரான உன் வேலையாக இருந்தது.

பெரிய மைக் காற்றையும் கழுத்து மணியையும்தான் பிடித்தது. தோலில் ஒட்டும் மைக் மயிரில் வழுக்கியது. கடைசியில் நீ செய்ததைத்தான் எடுத்தேன். ஸ்டெதஸ்கோப் குழாயை வெட்டி, சட்டையில் குத்தும் சின்ன மைக்கை உள்ளே நுழைத்தாயே, அது. நல்ல சாமானை நாசம் பண்ணுகிறாயே என்று அன்றைக்கு உன்னிடம் எரிந்து விழுந்தேன்.

மாட்டுக்காரர் சிரித்தார். "இன்னாம்மா, மாட்டு வயித்துக்கே போன் போடுறியா? டாக்டரம்மா இருந்தா கன்னுக்குட்டிகிட்ட நலமே விசாரிச்சிருப்பாங்க." நானும் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மாட்டின் வயிறு கடகடத்தது கேட்டது. கன்றின் துடிப்பு கேட்கவில்லை. நாளைக்கு மறுபடி போகிறேன்.

மாட்டின் மேல் வைக்குமுன் ஒவ்வொரு மைக்கையும் உன் நெஞ்சில் வைத்துப் பார்ப்பாய். "இன்னாடி, கேக்குதா? உயிரோடதான கீறேன்?" வெறும் சோதனைதானே என்று அதையெல்லாம் அன்றன்றைக்கே அழித்துவிடுவேன். மெமரி கார்டில் இடம் வேண்டுமே. பதிவில் மாடு இருக்கிறது, ஆடு இருக்கிறது, அடைகாக்கும் கோழிகூட இருக்கிறது. உன் துடிப்பு ஒன்றாவது மிஞ்சியிருக்காதா? ஒன்றை வைத்துக்கொள்ள எப்படி அக்கா எனக்குத் தோன்றாமல் போனது?

இன்று காலையிலிருந்து பழைய பதிவுகளை ஒன்றுவிடாமல் கேட்டேன். துடிப்பு கிடைக்கவில்லை. இதே செவலையின் போன வருஷப் பதிவு ஒன்று வந்தது, இரைச்சல் என்று நான் ஒதுக்கிவைத்தது. மாடு அசைந்தால் நழுவுமென்று வலது விலாவில் மைக்கை நீ கையால் அழுத்திப் பிடித்திருந்தாய். அந்தக் கரகரப்பு உன் கட்டைவிரல், அக்கா. மாடு பெருமூச்சு விடுகிறது, நீ பிடியை மாற்றுகிறாய், மறுபடி அழுத்துகிறாய். நடுவில் என் குரல்: "கையை எடு அக்கா, சத்தம் வருது." நீ எடுத்துவிடுகிறாய்.

அதற்கப்புறம் பதிவு சுத்தமாக இருக்கிறது. அந்தச் சுத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை.

நாளைக்கு மாட்டுக்காரர் மனைவி மைக்கைப் பிடிக்கிறேன் என்றிருக்கிறார். அவர் விரல் எவ்வளவு வேண்டுமானாலும் உரசட்டும். இனி யாரையும் கையை எடுக்கச் சொல்லமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கையை எடுக்கச் சொன்ன
உன் தங்கை