எஞ்சின் மாத்தி

புக்கிட் ரோத்தான்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மகள் விஷாலினிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பெர்த்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க முனீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் இருக்கிறோம். அம்மா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள், நான்தான் மறந்துவிட்டுத் திட்டு வாங்குகிறேன். அடுத்த வீட்டுப் புனிதன் செவ்வாய்க்கிழமை அங்கே வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், ஏர்போர்ட்டில் பிடுங்காமல் விட்டால் அம்மாவின் நெத்திலிச் சம்பலும் வரும். போனில் சொல்ல வாய் வராததால்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்கு இதில் உள்ளது தெரியாது.

தம்பியின் காரை எப்போது விற்பீர்கள் என்று கேட்டாய். விற்கவில்லையம்மா, எஞ்சின் மாற்றப்போகிறேன். தம்பி முகுந்தன் நம்மை விட்டுப் போய் எட்டு மாதம் கழித்து அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்காதே. அந்த இரண்டு கதவுச் சிவப்புக் கார் அவனைவிட ஒரு வயது மூத்தது, புகை தள்ளிக்கொண்டிருந்தது. ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் கார்களை விற்கிறானே அஸ்லாம், அவன் கடையில் ஒரு டர்போ எஞ்சினைப் பார்த்துவைத்து, அதைப் போடலாம் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். நான் விடவில்லை. முப்பது வருஷம் செம்பனை எண்ணெய் ஆலையில் மெஷின் பிட்டராக இருந்தவனுக்குத் தெரியாதா, பழைய பாடி அந்தப் பலத்தைத் தாங்காது, பிரேக் பிடிக்காது, வேகம் ஆளைக் கொன்றுவிடும் என்றேன். பழைய எஞ்சினையே பிரித்துக் கட்டிக் கொடுத்தேன். மீறி மாற்றினால் என் முகத்தில் முழிக்காதே என்றும் சொல்லிவிட்டேன்.

அவன் போன அன்றைக்குச் சாயங்காலம் நல்ல மழை, ஐந்தரை மணி இருக்கும், போன் செய்தான். இரைச்சலில் கேட்டது இவ்வளவுதான்: “அப்பா, எஞ்சின் மாத்தி…” என் பேச்சை மீறி மாற்றிவிட்டுச் சொல்கிறான் என்று நினைத்தேன். “மாத்திட்டல்ல, அப்ப நீயே பாத்துக்க” என்று வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு தடவை அடித்தான். ரோஷம், நான் எடுக்கவில்லை. யாரும் வராததால்தான் எதிர்ப்பக்க டயர் கடையில் உதவி கேட்கச் சாலையைக் கடந்திருக்கிறான், லோரி அடித்தது உனக்குத் தெரியும். நான் போய்ச் சேர்ந்தபோது காரில் ஒரு கீறல்கூட இல்லை. டயர் கடை மலாய்க்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு எஞ்சின் மாத்தி, எஞ்சின் மாத்தி என்றார். அப்போதுதான் உறைத்தது. தம்பியும், செத்துப்போனதற்குச் சொல்லும் அந்த மலாய் மாத்தியைத்தான் சொல்லியிருக்கிறான், எஞ்சின் செத்துப்போச்சு, வாங்க என்று. கார் நின்ற இடம் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம்தான். செத்தது நான் கட்டிக் கொடுத்த எஞ்சின். இதை எட்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை, தாங்க முடியவில்லையம்மா.

போன வாரம் அஸ்லாமிடம் போனேன். காரில் இருந்த அதே ரகம், அதைவிடச் சற்றுப் பெரியது, தம்பி கேட்ட டர்போ, மூன்றையும் காட்டினான். பழைய ரகம்தான் எனக்கு வேலை மிச்சம், இடத்தில் அளவாக உட்காரும். ஆனால் டர்போவின் மூடியில் மார்க்கர் பேனாவால் “முகு புக்கிங்” என்று எழுதியிருந்தது, உன் தம்பியின் கோணல் எழுத்து. அதையே எடுத்துவிட்டேன். பிரேக்கும் பெரிதாகப் போடுகிறேன், அவன் கேட்டபோதே இதைச் செய்திருக்கலாம். காரை அம்மா பெயருக்கு மாற்றி, புது எஞ்சின் நம்பரையும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிய வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், தெரிகிறது. அம்மாவிடம் அந்த போன் விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று நீ ஒரு வார்த்தை சொல். என்னைத் திட்டுவதானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். மாப்பிள்ளையோடு சண்டை வந்தால் போடு, ஆனால் அவர் அழைத்தால் போனை எடுத்துவிடு. இருவருக்கும் எங்கள் ஆசீர்வாதம், குறையில்லாமல் வாழ்வீர்கள். பேசி முடித்த பிறகும் அப்பா ஏன் லைனிலேயே நிற்கிறீர்கள் என்று போன மாதம் கேட்டாயே. இனிமேலும் நீதான் முதலில் வைக்க வேண்டும், என்னால் முடியவில்லை.

உன் அப்பா,
இருசப்பன்